ஜானகி அம்மாளும் நாணலும்

மார்ச் 8 வந்தால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வந்து விழும். புடவை கட்டிய ஒரு பெண்மணி, கீழே ‘இந்தியக் கரும்பை இனிக்க வைத்த விஞ்ஞானி’ என்று ஒரு வரி. அனுப்புவது பெரும்பாலும் சித்தப்பாதான். நாலைந்து பேர் கும்பிடு போடுவார்கள், அடுத்த ஃபார்வர்டுக்குப் போய்விடுவார்கள். இ. கே. ஜானகி அம்மாளை இந்த அளவுக்காவது தெரிந்துகொள்கிறார்களே என்று பேசாமல் இருந்துவிடலாம். தாவரவியல் படித்த பாவத்துக்கு எனக்கு அது முடிவதில்லை. ஆண்டுக் கணக்கே உதைக்கிறது.

கோவையில் உருவான ‘கோ 205’ என்ற கரும்பு ரகம் 1918இல் வெளிவந்து வட இந்திய வயல்களுக்குப் போய்விட்டது. ஜானகி அம்மாள் கோவைக்கு வேலைக்கு வந்தது 1934இல். அவர் வரும்போது கரும்பு நன்றாகவே இனித்துக்கொண்டிருந்தது. கரும்பு தின்னக் கூலியா என்பார்கள். அவருக்குக் கூலி கொடுத்தது கரும்பைத் தின்ன அல்ல, எண்ண. அந்த எண்ணும் வேலை எவ்வளவு பெரிய வேலை என்பது அந்த ஒரு வரிப் பாராட்டில் அடிபட்டுப் போகிறது என்பதுதான் என் வருத்தம்.

கரும்புக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட இந்தியாவில் விளைந்தது ஒல்லிக் கரும்பு. நார் அதிகம், சாறு குறைவு. ஜாவா சர்க்கரை கப்பல் கப்பலாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. தடித்த கரும்பைக் கொண்டுபோய் அங்கே நட்டால் குளிருக்கும் நோய்க்கும் தாக்குப்பிடிக்கவில்லை. 1912இல் சி. ஏ. பார்பர் பொறுப்பில் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கினார்கள். ஏன் கோவை? இங்கே கரும்பு தாராளமாகப் பூக்கும், விதையும் பிடிக்கும். விவசாயிக்குப் பூ தேவையில்லை, கரணை நட்டால் போதும். கலப்பினம் செய்கிறவருக்குப் பூ இல்லாமல் ஒன்றும் நடக்காது.

பார்பரும் அவருடைய உதவியாளர் டி. எஸ். வெங்கட்ராமனும் ‘வெள்ளை’ என்ற தடித்த கரும்பையும் நாணலையும் கலந்தார்கள். ஆமாம், வாய்க்கால் கரையில் வெள்ளைக் குஞ்சம் ஆட்டிக்கொண்டு நிற்குமே, அதே நாணல்தான். தாவரவியலில் அதற்கு சக்காரம் ஸ்பான்டேனியம் என்று பெயர், கரும்புக்கு நெருங்கிய காட்டுச் சொந்தம். சர்க்கரை வெள்ளையிடமிருந்து வந்தது. எதையும் தாங்கும் முரட்டுத்தனம் நாணலிடமிருந்து வந்தது. இரண்டும் சேர்ந்ததுதான் கோ 205.

இதில் ஒரு கணக்கு இடிக்கும். வெள்ளைக் கரும்பின் ஒரு செல்லில் 80 குரோமோசோம்கள். கோவை நாணலில் 64. பெற்றோர் இருவரும் பாதிப் பாதி கொடுப்பதுதான் வழக்கம், அதன்படி பிள்ளைக்கு 40ம் 32ம் சேர்ந்து 72 வர வேண்டும். கோ 205இல் இருப்பதோ 112. தாய்க்கரும்பு பாதியைக் கொடுக்காமல் தன் 80ஐயும் முழுசாகத் தூக்கிக் கொடுத்துவிடுகிறது, நாணல் மட்டும் முறைப்படி 32 கொடுக்கிறது. புல் இனத்தில் இப்படி விநோதமான கணக்குகள் நிறைய. எதை எதோடு சேர்த்தால் என்ன வரும் என்று தெரிய வேண்டுமானால், வயலில் நிற்கிற ஆளுக்குப் பக்கத்தில் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்து எண்ணுகிற ஓர் ஆள் வேண்டும். அந்த வேலைக்குத்தான் ஜானகி அம்மாள் வந்தார்.

அதற்கு முந்தைய கதை தலச்சேரியில் தொடங்குகிறது. 1897 நவம்பர் 4இல் பிறந்தார். அப்பா திவான் பகதூர் இ. கே. கிருஷ்ணன், சென்னை மாகாணத்தில் சப்-ஜட்ஜ். தோட்டத்திலும் பறவைகளிலும் ஈடுபாடு உள்ளவர், வட மலபார்ப் பறவைகளைப் பற்றி எழுதியவர். இரண்டு தாரத்திலுமாக வீட்டில் 19 பிள்ளைகள். அம்மா தேவி, திருவிதாங்கூரில் ரெசிடென்டாக, அதாவது பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக இருந்த ஜான் சைல்டு ஹானிங்டன் என்ற ஆங்கிலேயருக்கும் ஒரு மலபார்ப் பெண்ணுக்கும் பிறந்தவர். குடும்பம் தீயர் சமூகம். படிப்பும் பதவியும் இருந்த வீடுதான், ஆனாலும் சாதிக் கணக்குப் போடுகிறவர்கள் ஒரு படி கீழேயே நிறுத்தி வைத்த வீடு. வாரிசுகளும் மரபணுக்களும் எப்படிக் கலக்கின்றன என்று ஆராயப் போகிறவருக்குத் தன் வீட்டிலேயே பாடம் இருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. அது கொஞ்சம் அதிகப்படியாக இருக்கலாம், விட்டுவிடுகிறேன்.

அக்கா தங்கைகள் கல்யாணம் செய்துகொண்டு போனார்கள். இவருக்கும் ஒரு வரன் பேசப்பட்டதாகவும், இவர் படிப்புப் பக்கம் போய்விட்டதாகவும் சொல்வார்கள். சென்னை ராணி மேரி கல்லூரி, அதன் பிறகு மாநிலக் கல்லூரியில் 1921இல் தாவரவியல் ஆனர்ஸ். பிறகு பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியை. 1924இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு பார்பர் உதவித்தொகையில் போனார். கோவை பார்பர் வேறு, இவர் வேறு. லெவி பார்பர் என்ற டெட்ராய்ட்காரர் ஆசியப் பெண்கள் படிப்பதற்காகவே 1917இல் ஏற்படுத்திய நிதி அது. அமெரிக்கக் கரையில் இறங்கியபோது நீண்ட கூந்தலையும் பட்டுப்புடவையையும் பார்த்து, நீங்கள் இந்திய இளவரசியா என்று கேட்டார்களாம். இவர் இல்லை என்று சொல்லவில்லையாம். குடும்பத்தில் சொல்லி வந்த கதை இது, எனக்கு மிகவும் பிடித்த கதையும்கூட.

முதுகலை முடித்துச் சென்னைக்குத் திரும்பிக் கொஞ்ச காலம் பாடம் நடத்தினார். மறுபடியும் மிச்சிகன் போய், கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த நிகாண்ட்ரா என்ற செடியின் குரோமோசோம்களை ஆராய்ந்து 1931இல் டி.எஸ்சி. பட்டம் வாங்கினார். திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் இரண்டு வருடம் பேராசிரியர். அதன் பிறகுதான் கோவை.

குரோமோசோம் எண்ணுவது என்றால் என்ன என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பி.எஸ்சி.யில் எங்களுக்கு வெங்காய வேர்நுனிதான் ப்ராக்டிகல். வெங்காயத்தைத் தண்ணீர் டம்ளர் வாயில் உட்கார வைத்து வேர் விடச் செய்வோம். காலையிலேயே நுனியை வெட்டிவிட வேண்டும், அப்போதுதான் செல்கள் மும்முரமாகப் பிரிந்துகொண்டிருக்கும் என்பார் எங்கள் டெமான்ஸ்ட்ரேட்டர். ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் போட்டுவைத்து, அசிட்டோகார்மின் சாயம் ஏற்றி, கண்ணாடித் துண்டு மூடி, பிளாட்டிங் பேப்பர் வைத்துக் கட்டைவிரலால் ஒரே அழுத்து. கொஞ்சம் நழுவினாலும் கண்ணாடி உடையும், செல் கலைந்துபோகும். சரியாக விழுந்தால் சிவப்பாக நூல் நூலாக 16 தெரியும். வெங்காயத்தின் குரோமோசோம்கள் பெரியவை, 16தான் இருக்கின்றன, அதையே எங்கள் பேட்சில் பாதிப் பேர் புத்தகத்தைப் பார்த்துத்தான் வரைந்தார்கள். கரும்பின் குரோமோசோம்கள் பொடிப்பொடியாக, நூற்றுக்கு மேல், ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும். கறுப்பு வெள்ளைக் காலத்து மைக்ராஸ்கோப்பில், கையால் வரைந்து எண்ண வேண்டும். ஒரு செல் போதாது, பல செல்களில் எண்ணி ஒத்துப்போக வேண்டும்.

கோவையில் அவர் செய்த வேலையில் எனக்கு முக்கியமாகப் படுவது நாணல் ஆராய்ச்சி. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து வந்த நாணல்களை எண்ணிப் பார்த்தார். ஒரே இனம் என்று நாம் நினைக்கும் புல்லில் இடத்துக்கு இடம் எண்ணிக்கை வேறாக இருந்தது. இன்றைக்கு 40 முதல் 128 வரை தெரியவந்திருக்கிறது. எந்த எண்ணிக்கை எந்த நிலத்தில் நிற்கிறது என்று பார்த்தால், அந்தச் செடி எங்கே தோன்றி எந்த வழியாகப் பரவியது என்பதை ஊகிக்க முடியும். இந்தியாவைச் சுற்றித்தான் நாணலின் பிறப்பிடம் என்ற கருத்து வலுப்பட்டதில் இவர் பங்கு உண்டு. இன்னொரு பக்கம், கரும்பை எது எதோடெல்லாம் சேர்க்க முடியும் என்று துணிந்து பார்த்தார். சோளத்தோடு, எரியாந்தஸ் என்ற காட்டுப்புல்லோடு, தர்ப்பைக்குச் சொந்தமான இம்பராட்டா புல்லோடு, கடைசியில் மக்காச்சோளத்தோடும் சேர்த்தார். கரும்பும் மக்காச்சோளமும் சேர்ந்த கலப்பினத்தைப் பற்றி 1938இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அது வயலுக்குப் போகவில்லை, போகும் என்று அவரும் சொல்லவில்லை. இரண்டு பேரினங்கள் எவ்வளவு தூரத்துச் சொந்தம் என்று கேட்டுப் பார்க்கும் வழி அது.

1935இல் சி. வி. ராமன் தொடங்கிய இந்திய அறிவியல் அகாடமி தன் தொடக்க காலத்திலேயே இவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. வெளியே மதிப்பு இப்படி இருந்தாலும் கோவையில் காற்று அவ்வளவு சுகமாக அடிக்கவில்லை. கல்யாணமாகாத பெண், அதிலும் அந்தச் சாதி, அதிலும் மேல்நாட்டுப் பட்டத்தோடு வந்தவர். சுற்றியிருந்த ஆண்களில் பலருக்கு அது உறுத்தியது. அவர் கடிதங்களை ஆராய்ந்தவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆராய்ச்சி நிலையத்துக்குள்ளே எல்லாம் அறிவு மட்டும்தான் பேசும் என்று நம்புகிறவர்கள் எந்த ஆராய்ச்சி நிலையத்திலும் வேலை பார்க்காதவர்களாக இருக்க வேண்டும்.

1939 ஆகஸ்ட் கடைசியில் எடின்பரோவில் உலக மரபியல் மாநாடு. போனார். மாநாடு முடிந்து சில நாட்களிலேயே இரண்டாம் உலகப் போர் தொடங்கிவிட்டது. அங்கேயே தங்கி, லண்டனுக்குத் தெற்கே மெர்ட்டனில் இருந்த ஜான் இன்ஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் குரோமோசோம் ஆராய்ச்சியாளர் சி. டி. டார்லிங்டனோடு வேலைக்குச் சேர்ந்தார். ராத்திரி குண்டு விழும்போது கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வது, காலையில் ஆய்வகத்து அலமாரிகளில் சிதறிய கண்ணாடித் தூளைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வது என்று போனதாம் அந்தக் காலம். கபோக் என்ற அணிலைப் புடவைக்குள் மறைத்து இந்தியாவிலிருந்து கொண்டுபோய் அங்கே வளர்த்தார் என்று ஒரு கதையும் உண்டு. இந்த வேலையில் விளைந்ததுதான் 1945இல் டார்லிங்டனும் இவரும் சேர்ந்து வெளியிட்ட பயிர்களின் குரோமோசோம் அட்டவணை நூல். ஆயிரக்கணக்கான தாவரங்களின் எண்ணிக்கை ஒரே இடத்தில். இணையம் இல்லாத காலத்தில் ஒரு ஆய்வாளருக்கு இது என்ன வரப்பிரசாதம் என்று சொல்ல வேண்டியதில்லை. டார்லிங்டனோடு நட்பு எப்படிப்பட்டது என்று தோண்டும் கட்டுரைகள் இணையத்தில் நிறைய கிடைக்கும். எனக்கு அதில் ஆர்வம் இல்லை.

அடுத்த ஆறு வருடம் ராயல் தோட்டக்கலைக் கழகத்தின் விஸ்லி தோட்டம். அங்கே சம்பளத்துக்கு வேலை பார்த்த முதல் பெண் விஞ்ஞானி இவர். செய்த வேலை கால்ச்சிசின் என்ற மருந்தை வைத்து. செல் பிரியும்போது குரோமோசோம்கள் முதலில் இரண்டு நகல் ஆகும், பிறகு நுண்ணிய இழைகள் அவற்றை இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு போகும். கால்ச்சிசின் அந்த இழைகளை உருவாக விடாது. நகல் எடுத்தது எடுத்தபடி ஒரே செல்லில் மாட்டிக்கொள்ளும், எண்ணிக்கை இரட்டிப்பாகிவிடும். இப்படி ஆன செடிகளில் இலையும் இதழும் பெரும்பாலும் தடிமனாகும், பூ பெரிதாகும். விஸ்லியில் மக்னோலியா நாற்றுகளில் இதைச் செய்தார். அந்த மரங்கள் அந்தத் தோட்டத்திலேயே இருக்கும் பேட்டில்ஸ்டன் குன்றில் நடப்பட்டன. ‘ஜானகி அம்மாள்’ என்றே பெயர் வைத்த மக்னோலியா கோபஸ் ரகம் ஒன்று உண்டு, வெள்ளைப் பூ.

கால்ச்சிசின் என்றதும் எனக்கு மூலனூர்ப் பக்கம் நினைவுக்கு வரும். ஐரோப்பாவில் அதைக் கால்ச்சிக்கம் என்ற செடியிலிருந்து எடுத்தார்கள். நம் ஊரில் அது செங்காந்தளில் இருக்கிறது. மாநில மலர் என்று படித்தவர்களுக்குச் செங்காந்தள், பயிரிடுகிறவர்களுக்குக் கண்வலிக்கிழங்கு. ஒட்டன்சத்திரம், மூலனூர் வட்டாரத்தில் கம்பிப் பந்தலில் கொடி ஏற்றி, காலையில் பூப் பூவாகக் கையால் மகரந்தம் சேர்த்துவிட்டு, விதை எடுத்து விற்கிறார்கள். கௌட் மூட்டுவலிக்கு மருந்தாகப் போகிறது. விலை ஒரு வருடம் ஏறும், ஒரு வருடம் பாதாளத்துக்குப் போகும். கிழங்கைத் தின்றால் உயிர் போய்விடும். கொல்கிற அதே சரக்குத்தான் அளவாக வைத்தால் இங்கிலாந்தில் மக்னோலியாவைப் பெரிதாகப் பூக்கச் செய்தது.

1951இல் நேரு கூப்பிட்டார். நாட்டின் செடிகொடிகளைக் கணக்கெடுக்க ஏற்பட்டு, கல்கத்தாவில் தூங்கிக்கொண்டிருந்த இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தை மறுசீரமைக்க வேண்டும். 1952 அக்டோபரில் சிறப்பு அதிகாரியாகப் பொறுப்பேற்றார். திட்டம் போட்டார். பிற்பாடு கோவை, ஷில்லாங், புனே, டேராடூன் என்று மண்டல அலுவலகங்கள் வந்தன. தலைமைப் பதவி மட்டும் ஸ்பெயினிலிருந்து வந்த பாதிரியார் ஹெர்மெனகில்ட் சான்டபாவுக்குப் போனது. சான்டபா நல்ல தாவரவியலாளர், அதில் சந்தேகம் இல்லை. ஜானகி அம்மாளின் வருத்தம் வேறு. இந்தியச் செடிகளைப் பறித்து உலர்த்தி ஒட்டி லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்பி வைத்த மரபு, பெயரை மாற்றிக்கொண்டு அப்படியே தொடரப் போகிறது என்று அவர் நினைத்தார். நம் காட்டுச் செடியின் மூல மாதிரியைப் பார்க்க நாமே கப்பலேற வேண்டியிருந்த நிலை அது.

அலகாபாத்தில் மத்தியத் தாவரவியல் ஆய்வுக்கூடம், பிறகு ஜம்மு, கொஞ்ச காலம் டிராம்பே என்று அடுத்த வருடங்கள் ஓடின. மருந்துச் செடிகளின் குரோமோசோம்களை எண்ணினார். இமயமலையில் வடமேற்கின் வறண்ட குளிரைவிட வடகிழக்கின் ஈரக் குளிரில் குரோமோசோம் பெருக்கமும் புதிய இனங்களும் அதிகம், சீனத் தாவரங்களும் மலாயாத் தாவரங்களும் அங்கே சந்தித்துக் கலக்கின்றன என்று எழுதினார். 1955இல் அமெரிக்காவில் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியை எப்படி மாற்றிவிட்டான் என்பதைப் பற்றி ஒரு பெரிய கருத்தரங்கு நடந்தது. அங்கே இவர் பேசியது இந்தியாவின் வாழ்வாதார வேளாண்மையைப் பற்றி. பழங்குடிகள் என்ன சாப்பிடுகிறார்கள், எந்தச் செடியைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்பது இவருக்குக் குரோமோசோமின் தொடர்ச்சியாகவே பட்டது. உணவு உற்பத்தி என்ற பெயரில் காடுகளை வெட்டியது இவரைக் கொதிக்க வைத்தது. நாணலை எண்ணிய ஆளுக்குத் தெரியும், இன்றைக்குக் களை என்று வெட்டுகிற புல் நாளைக்கு எந்தப் பயிருக்குத் தகப்பனாக வேண்டியிருக்குமோ என்று.

1970இல் சென்னைக்கு வந்துவிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தில் ஓய்வுக்குப் பிறகும் ஆராய்ச்சியைத் தொடரும் மதிப்புறு விஞ்ஞானி, மதுரவாயலில் கள ஆய்வகம். மஞ்சள் பட்டுப்புடவையும் அதே நிறத்தில் நீளக் கைச்சட்டையும் அணிந்த உயரமான பாட்டியாக உறவினர் நினைவில் இருக்கிறார். மூலிகைத் தோட்டம் வைத்திருந்தார், நிறையப் பூனைகள் வளர்த்தார். இன்றைக்கு மதுரவாயல் என்றால் பைபாஸும் டோல்கேட்டும்தான். அங்கே ஒரு காலத்தில் ஒருவர் வேர்நுனி வெட்டிக்கொண்டிருந்தார் என்று ஆட்டோக்காரரிடம் சொன்னால் நம்ப மாட்டார். 1977இல் பத்மஸ்ரீ வந்தது.

எண்பது வயதைத் தாண்டியும் அவர் சும்மா இருக்கவில்லை. கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்கும் திட்டம். காடு தண்ணீருக்குள் போவதற்குள் அங்கிருக்கும் மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கக் கிளம்பினார். மற்றவர்கள் கவிதை எழுதினார்கள், வழக்குப் போட்டார்கள், ஊர்வலம் போனார்கள், எல்லாமே வேண்டியிருந்தது. இவர் தனக்குத் தெரிந்த வேலையோடு போனார். 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரியில் அவர் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

அவர் பெயரில் இப்போது வகைப்பாட்டியலுக்கு ஒரு தேசிய விருது இருக்கிறது. ஜம்முவில் உலர்தாவரக் காப்பகம் இருக்கிறது. கொடைக்கானலில் ரோஜா வளர்க்கும் வீரராகவன் தம்பதி ஒரு ரோஜாவுக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2019இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் பல்லி ஒன்றுக்கும் அவர் பெயர் வந்தது. கோவையில் அவரோடு ஒத்துப்போகாதவர்களின் பெயர் எந்தப் பல்லிக்கும் இல்லை என்பதைக் கவனிக்கிறேன்.

கரும்புக்குத் திரும்ப வருகிறேன். தமிழ்நாட்டில் கோ 86032, உத்தரப் பிரதேசத்தில் கோ 0238 என்று இன்றைக்கும் வயலில் நிற்பவை பெரும்பாலும் ‘கோ’ வரிசைதான். கோ 0238 ஒரு காலத்தில் உத்தரப் பிரதேசத்துக் கரும்பு நிலத்தின் பெரும் பகுதியைப் பிடித்தது, ஆலைக்காரர்களும் விவசாயிகளும் கொண்டாடினார்கள். அவ்வளவு பரப்பில் ஒரே ரகம் நின்றால் நோய்க்குக் கொண்டாட்டம். செவ்வழுகல் நோய் புகுந்து தோட்டம் தோட்டமாகக் காய வைத்துக்கொண்டு போகிறது. எதிர்ப்புச் சக்திக்கு எங்கே போவது? மறுபடியும் காட்டுச் சொந்தங்களிடம்தான். உலகத்துக் கரும்பு வகைகளின் மாபெரும் சேமிப்பு ஒன்றைக் கோவை நிறுவனம் கண்ணூரில் வைத்துக் காக்கிறது, தலச்சேரிக்குப் பக்கத்திலேயே. கோவையில் எரியாந்தஸையும் நாணலையும் கரும்போடு சேர்த்துப் பார்க்கும் வேலை நடக்கிறது. பிறந்த கலப்பினத்தில் எந்தக் குரோமோசோம் கரும்பினுடையது, எது எரியாந்தஸினுடையது என்று இப்போது ஒளிரும் சாயம் பிரித்துக் காட்டிவிடும், கையால் வரைய வேண்டியதில்லை. வேர்நுனியை மட்டும் இன்னும் காலையில்தான் வெட்டுகிறார்கள்.